நீண்ட நாள் மருத்துவமனையில் இருக்கும் நண்பருக்கு என்ன கொண்டுபோவது?

சாலை விபத்தில் தொடையெலும்பு முறிந்து, முறிந்த இடத்தில் சீழும் வைத்துவிட்டதால், சில ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் 11 வாரங்கள் மல்லாந்து படுத்திருந்தேன். முதல் 10 நாள்களில் என்னைப் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்தவற்றில் 7 ஹார்லிக்ஸ் பாட்டில்களும், 4 பிஸ்கட் டின்களும், இரண்டு பேர் சேர்ந்தாலும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஆப்பிளும் சாத்துக்குடியும் இருந்தன. கட்டிலுக்கருகே இருந்த லாக்கருக்கு இரண்டே தட்டுகள்தான். எக்ஸ்ரே உறைக்கும் மாற்று வேட்டிக்குமே இடம் போதாததால், என் மனைவி பாட்டில்களைக் கட்டிலுக்கடியில் வரிசையாக நிறுத்தியிருந்தார். காலையில் தரை துடைக்க வருகிற அம்மா அவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தித் துடைத்துவிட்டு, "கடை வைக்கப் போறீங்களா சார்?" என்று கேட்பார். ஆறாவது வாரத்தில், வருகிறவர்கள் அநேகமாக நின்றுபோயிருந்த நேரத்தில், எனக்கு உண்மையில் தேவைப்பட்டவை ஒரு நீளமான சார்ஜர் வயரும், முகம் பார்க்கும் சிறு கண்ணாடியும், முடி வெட்ட ஓர் ஆளும். அந்த மூன்றையும் கொண்டுவந்தவன் ஒரே நண்பன்தான். அவன் செய்ததை வைத்தும், பின்னர் பிறருக்காக நான் மருத்துவமனைகளுக்கு நடந்ததை வைத்தும் இதை எழுதுகிறேன்.

அவன் முதல் நாள் வந்தபோது வெறுங்கையோடுதான் வந்தான். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தவன், நான் மூக்குக் கண்ணாடியை எடுக்க மூன்று முறை மனைவியைக் கூப்பிட்டதைப் பார்த்தபடியே இருந்தான். மறுநாள், ஏதோ ஜவுளிக்கடையில் கொடுத்த மஞ்சள் பையொன்றைக் கொண்டுவந்து, என் வலது கைக்கு எட்டும் உயரத்தில் கட்டிலின் பக்கக் கம்பியில் நாடாவால் கட்டித் தொங்கவிட்டான். மூக்குக் கண்ணாடி, கைபேசி, கைக்குட்டை, பேனா, தைலம் என எல்லாமும் அதற்குள் குடியேறின. காசு செலவில்லாத அந்தப் பையால் ஒரு நாளில் நான் பிறரைக் கூப்பிடுவது பாதியாகக் குறைந்தது. படுத்திருப்பவருக்கு ஏதேனும் வாங்க நினைப்பவர், கடைக்குப் போகுமுன் தன் வீட்டுக் கட்டிலில் மல்லாந்து படுத்து, ஒரு கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, மற்றொரு கைக்கு என்னவெல்லாம் எட்டுகிறது என்று பார்த்தால் போதும். பாதிப் பட்டியல் தானாகவே வந்துவிடும். ஒரு கையில் வென்ஃப்ளான் என்னும் ஊசிக்குழாயைக் குத்தி ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் என்பதால், இரண்டு கைகளாலும் திறக்க வேண்டிய எதுவும் அங்கே உதவாது.

நோயாளியிடமே "என்ன வேண்டும்?" என்று கேட்டால் "ஒன்றும் வேண்டாம், நீ வந்ததே போதும்" என்ற பதில்தான் வரும். துணைக்கு இருப்பவரைத் தொலைபேசியில் தனியாகப் பிடித்து, சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்பதே வழி. இரவில் தூக்கம் வருகிறதா, சார்ஜர் எட்டுகிறதா, வெந்நீர் எங்கே கிடைக்கிறது, சாப்பாட்டில் எதை ஒதுக்கிவைக்கிறார், எந்த உணவை மருத்துவர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார் என்ற ஐந்து கேள்விகள் போதும். பார்வையாளர் நேரத்தையும், ஒரு நேரத்தில் எத்தனை பேருக்குப் பாஸ் தருகிறார்கள் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

உணவுப் பொருள்களில் எச்சரிக்கை

நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போவதென்றால் முதலில் கை நீள்வது பழக்கடையை நோக்கித்தான். சாதாரணக் காய்ச்சலுக்கு அது பொருந்தும். வாரக்கணக்கில் படுத்திருக்க வைக்கிற நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு உணவுக் கட்டுப்பாடு உண்டு. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு வாழைப்பழமும் இளநீரும் கொண்டுபோவது அன்பின் பெயரால் செய்கிற தீங்கு. அவற்றில் பொட்டாசியம் மிகுதி, அதை வெளியேற்ற அந்த உடலால் முடியாது, ரத்தத்தில் அது கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். அவர்களுக்கு நட்சத்திரப் பழம் இன்னும் ஆபத்தானது. தண்ணீருக்குக்கூட அளவு வைத்திருப்பார்கள் என்பதால், "கொஞ்சம் ஜூஸ்தானே" என்று வற்புறுத்தக் கூடாது. இதய வால்வு மாற்றி வார்ஃபரின் மாத்திரை எடுப்பவருக்கு வீட்டிலிருந்து திடீரென்று தினமும் கீரை சமைத்துக்கொண்டு போனால், அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். சத்துமாவுப் பானங்கள் பலவற்றில் சர்க்கரை கணிசமாக இருப்பதால், நீரிழிவுக்காரருக்கு அந்த பாட்டில்கள் அலங்காரப் பொருள்கள்தான்.

புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருப்பவரின் நிலை தனி. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் கிருமித் தொற்றே அவருடைய முதல் எதிரி. எனவே நறுக்கிய பழம், பச்சைக் காய்கறி, தெருவோர ஜூஸ், பூங்கொத்து ஆகியவற்றைப் பல மருத்துவமனைகளில் வார்டுக்குள்ளேயே விடுவதில்லை. கோயில் தீர்த்தத்தையும் மந்திரித்த தண்ணீரையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும். கொதிக்கவைக்காத நீர் எங்கிருந்து வந்தாலும் நீர்தான். விபூதிப் பொட்டலத்தையோ ஜெபமாலையையோ தலையணைக்கடியில் வைத்துவிட்டு வருவதில் யாருக்கும் தடையிருக்காது, அது தரும் தெம்பும் சிறியதில்லை. வாசனை விஷயத்திலும் கவனம் தேவை. கீமோ எடுப்பவர்கள் பலருக்கு மல்லிகையும் சென்ட்டும்கூடக் குமட்டலைக் கிளப்பும். எங்கள் வார்டில் ஒருவர் பெரிய ரஜனிகந்தாப் பூங்கொத்தை ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்துக் கட்டில் ஆஸ்துமாக்காரர் இருமத் தொடங்கியதும், சிஸ்டர் அதைக் கொண்டுபோய் லிஃப்ட் அருகே வைத்துவிட்டார். கொண்டுவந்தவரின் முகம் வாடிப்போனதுதான் மிச்சம்.

அப்படியானால் எந்த உணவுமே கூடாதா என்றால், கூடும். மருத்துவர் தடையில்லை என்று சொல்லியிருந்தால், கேன்டீன் சாப்பாட்டில் நாக்கு செத்துப்போனவருக்கு வீட்டு ரசமும் சுட்ட அப்பளமும் பெரும் விருந்து. ஆனால் ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும், வாய் அகன்ற சிறு பிளாஸ்க்கில் சூடாக எடுத்துச் சென்று, அவர் சாப்பிட்டதும் பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். மருத்துவமனைக் குழாயடியில் டிபன் கேரியர் கழுவும் வேலையைத் துணைக்கு இருப்பவர் தலையில் கட்டினால், சமைத்துக் கொடுத்ததன் பயன் போய்விடும்.

கட்டிலைச் சுற்றி

சார்ஜர் வயரைப் பற்றிச் சொன்னேன். வார்டுகளில் பிளக் பாயின்ட் பெரும்பாலும் தலைமாட்டில், எட்டாத இடத்தில் இருக்கும். இரண்டு அல்லது மூன்று மீட்டர் நீளமுள்ள வயரோ, 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க்கோ வாங்கிக் கொடுத்தால் தினமும் உங்களை நினைப்பார். மருத்துவக் கருவிகளுக்கென ஒதுக்கிய பிளக்கில் வேறெதையும் செருகக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோவதானால் வார்டு சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கைபேசியை நெஞ்சின் மேல் பிடித்துக்கொண்டே படம் பார்த்தால் பத்து நிமிடத்தில் கை கடுக்கும் என்பதால், கார்டியாக் டேபிளில், அதாவது கட்டிலின் குறுக்கே நகர்த்தி வைக்கும் சாப்பாட்டு மேசையில், கவ்விக்கொள்ளும் ஸ்டாண்டும், பொது வார்டானால் இயர்போனும் சேர்த்துக் கொடுக்கலாம்.

மருத்துவமனையில் தூக்கத்தைக் கெடுப்பவை இரவெல்லாம் எரியும் டியூப்லைட்டும், விடியுமுன் ரத்த அழுத்தம் பார்க்க வரும் வண்டியின் சத்தமும். கண்மறைப்புத் துணியும் காதடைப்பானும் மருந்துக்கடையிலேயே சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன; நான் பெற்ற பரிசுகளில் ரூபாய்க்கு அதிகப் பலன் கொடுத்தவை அவையே. ஏ.சி. அறையில் உதடு வெடிக்கும், பாதம் வறளும். தேங்காய் எண்ணெயும் மெல்லிய பருத்திக் காலுறையும் போதும். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்திருப்பவருக்கு மட்டும் வாஸலின் போன்ற பெட்ரோலியக் களிம்புகளைத் தவிர்த்து, எதைத் தடவலாம் என்று சிஸ்டரிடம் கேட்க வேண்டும். ஆக்ஸிஜன் ஓடும் அறையில் நெருப்பு அறவே ஆகாது. பிறந்தநாள் என்று கேக்கில் மெழுகுவத்தி ஏற்றுவதும், படத்துக்கு முன் ஊதுவத்தியோ கற்பூரமோ கொளுத்துவதும் விளையாட்டல்ல.

வளைந்து கொடுக்கும் உறிஞ்சுகுழல், மூடியுள்ள டம்ளர், கைப்பிடியுள்ள சிறு கண்ணாடி ஆகியவையும் படுத்திருப்பவருக்குப் பெரிதும் உதவுபவை. என் கட்டில் வாசலுக்கு முதுகு காட்டிக் கிடந்தது. காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்ததால் திரும்பவும் முடியாது. அந்தக் கைக்கண்ணாடியை உயர்த்திப் பிடித்துத்தான் ரவுண்ட்ஸுக்கு டாக்டர் வருகிறாரா, எந்தக் கட்டிலில் நிற்கிறார் என்று பார்ப்பேன். மாலையில் அதே கண்ணாடியைச் சற்றுச் சாய்த்தால் ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தின் உச்சி தெரியும்.

ஒன்றை மட்டும் நீங்களாக வாங்கிவிடாதீர்கள். படுக்கைப் புண் வராமலிருக்கச் சர்ஜிகல் கடைகளில் நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையைச் சிபாரிசு செய்வார்கள். அது விளிம்பைச் சுற்றி அழுத்தத்தைக் கூட்டி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும் என்பதால் மருத்துவர்கள் அதை விரும்புவதில்லை. காற்று மாறி மாறி ஏறி இறங்கும் ஆல்ஃபா பெட் தேவையா என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்டபின் வாங்கலாம், அல்லது மாத வாடகைக்கு எடுக்கலாம்.

உடையும் முடியும்

ஆண்களுக்கு மெல்லிய பருத்திக் கைலியும், முன்பக்கம் முழுவதும் பொத்தான் திறக்கும் அரைக்கைச் சட்டையும், பெண்களுக்கு முன்பக்கம் ஜிப்போ பொத்தானோ வைத்த, கை அகன்ற நைட்டியும் சரியாக இருக்கும். தலைவழியாக மாட்டுகிற எதுவும் ட்ரிப்ஸ் குழாயோடு சண்டையிடும். முறிந்த எலும்பைப் பிடித்து நிறுத்தக் காலைச் சுற்றி வெளியே இலிசரோவ் வளையம் மாட்டியிருப்பவருக்குக் கைலியின் பக்கத்தைப் பிரித்து நாடா வைத்துத் தைத்துக் கொடுப்பது எந்தக் கடையிலும் கிடைக்காத பரிசு. தெருமுனைத் தையல்காரர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். நீண்ட கூந்தலுள்ள தோழிக்கு அகலப் பல் சீப்பு ஒன்றை வாங்கிப் போய், சிக்கெடுத்து, இரண்டு பக்கமும் இரட்டைப் பின்னலாகப் போட்டுவிட்டு வாருங்கள்; ஒற்றைப் பின்னல் பிடரியில் அழுத்தும். நாப்கின்களைக் கேட்காமலே பையில் போட்டுவிடுவது பெண் நண்பர்கள் செய்ய வேண்டிய காரியம்.

ஒன்பதாவது வாரத்தில் என் நண்பன், சிஸ்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பக்கத்துத் தெரு சலூன்காரரைத் துண்டும் கத்தரிக்கோலுமாக வார்டுக்கே அழைத்து வந்தான். தலையணை மேல் பழைய செய்தித்தாளை விரித்து, படுத்த வாக்கிலேயே முடியை வெட்டி, முகமும் மழித்துவிட்டுப் போனார் அவர். அன்று மாலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

பொழுது

கனமான நாவல்களைப் படுத்துக்கொண்டு படிக்க முடியாது. மடித்துப் பிடிக்கக்கூடிய வார இதழ்களும், சிறுகதைத் தொகுப்புகளும், குறுக்கெழுத்துப் புத்தகமும் கைக்கு அடக்கம். வலி மருந்தின் மயக்கத்தில் நான்கு பக்கத்துக்கு மேல் ஓடாது என்பதால், சிறியவையே மேல். ஒலிநூல் கேட்கும் செயலிக்கு மூன்று மாதச் சந்தா கட்டிக் கொடுப்பதும், இளையராஜா பாடல்களை அவருடைய விருப்பப்படி தொகுத்துக் கொடுப்பதும் இந்த வகையில் சேரும். மடக்குப் பல்லாங்குழி கார்டியாக் டேபிளில் கச்சிதமாக அமரும். சோழிகளின் சத்தம் மட்டும் பக்கத்துக் கட்டிலுக்குப் பிடித்தமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் கிழிக்கும் நாள்காட்டி ஒன்றையும் சொல்வேன். மருத்துவமனையில் கிழமை மறந்துபோகும். காலையில் ஒரு தாளைக் கிழித்து ராகுகாலம் பார்ப்பதே ஒரு வேலையாகிவிடும். நாளை எண்ணினால் மனம் சோர்ந்துபோகிற சுபாவமுள்ளவருக்கு அது வேண்டாம்.

துணைக்கு இருப்பவர்

நோயாளிக்காவது கட்டில் உண்டு. அவருடைய மனைவியோ தம்பியோ தரையில் பாய் விரித்தோ, ஒரு மர பெஞ்சில் முடங்கியோ படுத்து, காலையில் பொதுக் குளியலறை வரிசையில் நிற்கிறார்கள். காற்றடைக்கும் தலையணை, போர்வை, கொசுவிரட்டிக் களிம்பு ஆகியவற்றை அவர்களுக்கு வாங்கிக் கொடுங்கள். அதைவிட உயர்ந்தது, துணைக்கு இருப்பவருக்கான பாஸைக் கையில் வாங்கிக்கொண்டு, "இன்று இரவு நான் இருக்கிறேன், நீங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்கிவிட்டு வாருங்கள்" என்று சொல்வது. சிறுநீர்ப் பையை எப்போது காலி செய்ய வேண்டும், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, ட்ரிப்ஸ் தீர்ந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை அவர் கிளம்புமுன் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

தென்மாவட்டங்களிலிருந்து சிகிச்சைக்காக வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போய், எதிரே உள்ள லாட்ஜ்களில் அறையெடுத்துச் சமைத்துச் சாப்பிட்டபடி மாதக்கணக்கில் தங்குபவர்கள் உண்டு. அப்படித் தங்கியிருக்கும் குடும்பத்துக்கு வீட்டில் அரைத்த பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மோர் மிளகாய் ஆகியவற்றைக் கூரியரில் அனுப்பினால், அவற்றைச் சுமந்துகொண்டு ரயிலேற வேண்டியதில்லை.

ரத்தம்

கடையில் வாங்க முடியாத பரிசு இது. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்குத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) மீண்டும் மீண்டும் தேவைப்படும். ஒருவரிடமிருந்து இயந்திரம் மூலம் பிரித்தெடுத்த தட்டணுக்கள் 5 நாள்களுக்கு மேல் தாங்காது என்பதால் முன்கூட்டியே சேர்த்து வைக்கவும் வழியில்லை. முழு ரத்தத்தை ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறையும்தான் கொடுக்க முடியும். தட்டணுக் கொடைக்கு 48 மணி நேர இடைவெளி போதும், ஆண்டுக்கு 24 முறை வரை கொடுக்கலாம். ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தால் 3 நாள்கள் பொறுக்க வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு வாய்ப்புள்ள நோயாளிக்கு நெருங்கிய ரத்த உறவினர்களின் ரத்தத்தை மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள். அந்த இடத்தில் உடன்பிறந்தவரைவிட நண்பரே பயன்படுகிறார். நண்பர் குழுவில் யார் எந்த வகை, கடைசியாக எப்போது கொடுத்தார், எந்தக் கிழமைகளில் வர முடியும் என்று எழுதிய ஒரு தாளைத் தயாரித்து, துணைக்கு இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். நள்ளிரவில் முப்பது பேருக்குத் தொலைபேசியில் கெஞ்சும் வேலை அவருக்கு மிச்சமாகும்.

பணமும் வெளிவேலைகளும்

மொய்க் கவரைப் போலப் பணத்தை நோயாளியின் கையில் திணித்தால் இருவருக்குமே கூச்சம். ஐ.பி. எண்ணை (உள்நோயாளி எண்) கேட்டு வாங்கி, மருந்தகக் கணக்கிலோ முன்பணக் கணக்கிலோ கட்டிவிட்டு, ரசீதைத் துணைக்கு இருப்பவரிடம் கொடுத்துவிடலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. அட்டை இல்லாதவருக்காகக் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை நகல் ஆகியவற்றைத் திரட்டி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைந்து கொடுப்பது எந்தக் கவரையும்விடக் கனமானது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் மின்கட்டணம், கேஸ் சிலிண்டர் பதிவு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஆகியவற்றில் ஒன்றையேனும் "இது என் பொறுப்பு" என்று பெயர் சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். "ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால் யாரும் கூப்பிடுவதில்லை.

எப்போது கொடுப்பது

முதல் வாரத்தில் கூட்டம் மொய்க்கும். அப்போது நீங்கள் வாங்கியதும் அந்தக் குவியலில் ஒன்றாகிவிடும். முதல் முறை போகும்போது பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். பிறகு உங்கள் கைபேசியில் நான்காவது, ஆறாவது, எட்டாவது வாரங்களுக்கு நினைவூட்டல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் சிறிதாக ஒன்றைக் கொண்டுபோங்கள். தூரத்தில் இருப்பவர் வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்பலாம். அனுப்புகிறவரின் தெருவில் என்ன நடக்கிறது என்பதே அதற்குப் போதுமான செய்தி.

டிஸ்சார்ஜ் நாளுக்கென ஒன்றை ஒதுக்கி வையுங்கள். கழிவறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்த ஆள் ஏற்பாடு செய்வதும், இந்தியக் கழிப்பறை உள்ள வீட்டுக்கு ஓர் உயர நாற்காலிக் கழிப்பான் வாங்கி வைப்பதும் அவர் வீட்டுக்கு வருமுன் முடிந்திருக்க வேண்டும். வாக்கர் வாங்கினால், அவர் நிமிர்ந்து நின்று கைகளைத் தளர விடும்போது மணிக்கட்டு இருக்கும் உயரத்துக்கு அதன் பிடியைச் சரிசெய்து, நான்கு கால்களிலும் ரப்பர் அழுத்தமாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். வாக்கர் பிடித்து நடப்பவரின் இரண்டு கைகளும் அதிலேயே இருக்கும் என்பதால், ஒரு தண்ணீர் பாட்டிலைக்கூட அவரால் எடுத்துச் செல்ல முடியாது. நான் கிளம்பிய காலையில், என் நண்பன் கட்டில் கம்பியிலிருந்து மஞ்சள் பையை அவிழ்த்து, வாக்கரின் முன்கம்பியில் அதே நாடாவால் கட்டினான்.